மனைவி எழுதச் சொன்ன அந்தக் கடைசி வரி

கேள்வி: எனக்கு வயது 41. மென்பொருள் வேலை. 2020 மார்ச்சில் இருந்து மேடவாக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், மதியம் 1 முதல் இரவு 10 வரை. இதற்குள் 14 கிலோ கூடி இப்போது 92. கழுத்து வலி, கண் எரிச்சல், விரல் மரத்துப்போதல், முடி உதிர்தல், வைட்டமின் டி 11. நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வருடமாகத் தினமும் மாத்திரை. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஆறு மாதமாக வேலையில் மனம் நிற்பதில்லை. ஒரே மெயிலை மூன்று தடவை படிக்கிறேன். மீட்டிங்கில் சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகிறது. அப்பாவுக்கு 72 வயதில் மறதி நோய் வந்தது. 40-லேயே வரலாம் என்று இணையத்தில் படித்தேன். ஞாபக சக்தி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். தூக்கத்துக்கு அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதி, வாரம் இரண்டு மூன்று நாள். பகலில் விழிப்பாக இருக்க நண்பர் கொடுத்த மாத்திரை ஒன்று. போன வாரம் அலுவலகம் போய்த் திரும்பும்போது சிக்னலில் வண்டியிலேயே கண் அசந்துவிட்டது. ஸ்மார்ட் வாட்ச் என் தூக்கம் நன்றாக இருப்பதாகத்தான் காட்டுகிறது. மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பி.கு.: குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். மனைவி எழுதச் சொன்னார்.

பதில்: மூளை ஸ்கேன் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள், வேறொரு பரிசோதனைக்குத் தேவைப்படும்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி பி.கு.வில் இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை, உங்கள் மனைவி எழுத வைத்திருக்கிறார். தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகலில் சிக்னலில் கண் அசருவது, 14 கிலோ எடை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைப் பாதை அடைபட்டு மூச்சு தடைபடும் நோய். பரிசோதனை செய்துதான் உறுதி சொல்ல முடியும். ஆனால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்பாவின் நோயைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 72 வயதில் அப்பாவுக்கு வந்தது, 41-ல் உங்களைத் தொடரும் ரகம் இல்லை. சிறு வயதிலேயே பரம்பரையாக வருகிற மறதி நோய் மிக அரிது. அந்தக் குடும்பங்களில் தலைமுறைதோறும் பலருக்கு ஐம்பதுகளிலோ அதற்கு முன்போ தொடங்கியிருக்கும். இன்னொன்று, மறதி நோய் வந்தவருடைய மறதியைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அவர் "எனக்கு ஒன்றுமில்லையே" என்பார். என்னென்ன மறக்கிறது என்று நீங்களே பட்டியல் போடுகிற உங்களுக்குக் குறைவது கவனம். கவனம் இல்லாமல் படித்த மெயில் மூளையில் பதிவே ஆவதில்லை. பதியாத ஒன்றை எப்படி நினைவுக்குக் கொண்டுவர முடியும்?

சரி, கவனம் ஏன் குறைகிறது? தூங்கும்போது நம் எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் பாதை முழுக்க மூடிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சிழுக்கப் பார்க்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் உங்களை ஒரு சில வினாடி எழுப்பும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும், உடனே மறுபடி தூங்கிவிடுவீர்கள். காலையில் இதில் எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 5 தடவை இப்படி நடந்தாலே நோய்க் கணக்கில் வரும். 15 என்றால் நடுத்தரம். 30-க்கு மேல் போனால் தீவிரம், அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மூளை எழுந்து உட்காருகிறது. அப்படி ஏழு மணி நேரம் படுத்திருந்தவர், மறுநாள் ஒரே மெயிலை மூன்று தடவை படிப்பதில் ஆச்சரியம் இல்லை.

பல வருடம் முன்பு தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்ப்பவர் என்னிடம் வந்தார். மூன்று தடவை பெயர் கூப்பிட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால் காத்திருப்போர் நாற்காலியில், கையில் ஃபைலோடு தூங்கிக்கொண்டிருக்கிறார். உள்ளே வந்ததும் அவர் மனைவி எதுவும் பேசாமல் செல்போனை என் மேஜையில் வைத்தார். வீடியோவில் இருட்டு, மின்விசிறிச் சத்தம், படிப்படியாக ஏறுகிற குறட்டை. திடீரென்று அமைதி. நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 31 வினாடி. அந்த 31 வினாடியும் அறையில் இருந்த நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. அப்புறம் தண்ணீரில் மூழ்கியவர் மேலே வருவது போல ஒரு சத்தம். அந்த அம்மா சொன்னார், "டாக்டர், நான் தினமும் முழங்கையால இடிச்சு இடிச்சுத்தான் இவரை எழுப்பறேன். நான் தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சு."

உங்கள் வீட்டிலும் இந்த வீடியோ வேண்டும். இன்று இரவே எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும், முகமும் நெஞ்சும் தெரிந்தால் நல்லது. வாட்ச் கொடுக்கும் மதிப்பெண்ணைக் காட்டி யாரிடமும் வாதாட வேண்டாம். அசையாமல் படுத்திருப்பதைப் பெரும்பாலும் அது நல்ல தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். அதில் நல்ல மதிப்பெண் வந்ததால் நோய் இல்லை என்று ஆகாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரின் காது அதைவிட நம்பகமானது.

எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது என்று நினைப்பீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதில் நான் கவனித்த பெரிய ஆபத்து இதுதான்: உங்களைப் பார்ப்பவர்கள் யாரும் இல்லை. அலுவலகமாக இருந்தால் மதியம் மூன்று மணிக்குத் தலை சாய்வதைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருப்பார். வீட்டில் கேமராவை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை மூடினால் யாருக்குத் தெரியும்? காலர் வைத்த சட்டை போட்டிருந்தால் மேல் பொத்தான் பூட்டவில்லை என்றாவது தெரிந்திருக்கும். டி-ஷர்ட் எதையும் சொல்லாது. ஒரு டேப் எடுத்துக் கழுத்தை அளந்து பாருங்கள். 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும். காலையில் தலைவலி, இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுவது, எழும்போது வாய் வறண்டு கிடப்பது, இவையும் உண்டா என்று பாருங்கள்.

இப்போது மாத்திரைகளுக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. அம்மாவின் தூக்க மாத்திரையை இன்றோடு விடுங்கள். ஏற்கெனவே தளர்ந்து மூடிக்கொள்ளும் தொண்டையை அது மேலும் தளர்த்தும். மூச்சு நின்றதும் உங்களை எழுப்ப வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். வாரக் கடைசியில் மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். தூக்க மாத்திரையைத் தினமும் போடுபவர் என்றால் மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருப்பேன். வாரம் இரண்டு மூன்று நாள், அதுவும் பாதி என்பதால் நீங்கள் நிறுத்திவிடலாம். நண்பர் கொடுத்த விழிப்பு மாத்திரையும் வேண்டாம். அந்த வகை மருந்தை நாங்களும் சிலருக்குத் தருவதுண்டு, ஆனால் மூச்சுப் பாதையைச் சரிசெய்த பிறகும் தூக்கக் கலக்கம் மிச்சம் இருந்தால் மட்டும். அடைப்பை அப்படியே விட்டுவிட்டு இதைப் போட்டால், ரத்த அழுத்தம் ஏறலாம், நோய் மறைந்திருக்கும், நீங்கள் தெம்பாக இருப்பதாக நம்பி வண்டி ஓட்டுவீர்கள். ஞாபக சக்தி மாத்திரையால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, விட்டுவிடுங்கள்.

வண்டி. இதுதான் இந்த வாரமே செய்ய வேண்டியது. சிக்னலில் நிற்கும்போது அசந்த கண், வேளச்சேரி சாலையில் ஐம்பதில் போகும்போதும் அசரும். முன்னறிவிப்பு கொடுக்காது. சிகிச்சை தொடங்கி பகல் தூக்கம் போகும்வரை பைக்கையும் காரையும் தொடாதீர்கள். அலுவலகம் போகிற நாளில் பஸ்ஸோ ஆட்டோவோ போதும்.

யாரைப் பார்ப்பது? நுரையீரல் மருத்துவரையோ, தூக்கப் பிரச்சினைகளைப் பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். இரவு முழுவதும் மூச்சு, ஆக்ஸிஜன், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி எழுதுவார். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியும் செய்யலாம், பலருக்கு வீட்டிலேயே சிறு கருவி மாட்டியும் செய்ய முடியும். கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12. தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், குறட்டை வரும், புத்தி மந்தமாகும், விரல்கூட மரத்துப்போகும். பி12-ஐக் கேட்பதற்குக் காரணம், நீங்கள் இரண்டு வருடமாகப் போடும் நெஞ்செரிச்சல் மாத்திரை. அந்த வகை மாத்திரையை நெடுநாள் போட்டால் பி12 குறையலாம்.

நோய் உறுதியானால் சிபேப் என்ற கருவியைச் சொல்வார்கள். சிறு மோட்டார், ஒரு குழாய், மூக்கில் ஒரு மாஸ்க். காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும். 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இந்த முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு, நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சுக்கு வழி செய்தார்கள். இன்று ஒரு மாஸ்க்கோடு முடிகிறது. முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பலர் அங்கேதான் மூட்டை கட்டிப் பரண்மேல் போடுகிறார்கள். மாஸ்க் பொருந்தவில்லை என்றால் மாற்றித் தருவார்கள், கேளுங்கள். பரிசோதனைக்கு முன்னால் இணையத்தில் கருவியை வாங்கிவிடாதீர்கள், எவ்வளவு அழுத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பல இடங்களில் வாடகைக்கும் தருகிறார்கள். மே மாத மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இணைப்பை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்னியாவைச் சரிசெய்யாமல் விட்டால் ரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் போகலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், பக்கவாதத்துக்கான வாய்ப்பு கூடும். ஆறு மாதம் பார்க்கலாம் என்று நீங்கள் இருக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண் எரிவது திரையை வெறிக்கும்போது இமைப்பது குறைவதால். ஏசி காற்று முகத்தில் படாமல் உட்காருங்கள், அடிக்கடி ஜன்னல் வழியாக எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். கழுத்து வலிக்கு, மடிக்கணினியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித் தனி கீபோர்டு வாங்குங்கள். விரல் மரப்பு மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்துவதாலும் இருக்கலாம், பிடியில் பலம் குறைந்தால் உடனே காட்டுங்கள். வைட்டமின் டி 11 என்பது குறைவுதான், ஆனால் சென்னையில் நான் தினமும் பார்க்கும் எண். மருத்துவர் சொன்ன வாரக் கணக்குக்கு மாத்திரை போட்டு நிறுத்துங்கள், வருடக் கணக்கில் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். முடியைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள்.

எடையில் மட்டும் நீங்கள் இன்றே கை வைக்கலாம். பத்து சதவீதம், உங்கள் கணக்கில் 9 கிலோ, குறைந்தாலே மூச்சுத் தடை கணிசமாகக் குறையும். அலுவலகம் போன காலத்தில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தீர்கள், படி ஏறினீர்கள், கேண்டீன்வரை போய் வந்தீர்கள். அந்த நடை ஒரே நாளில் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. இரவு பத்து மணிக்கு வேலை முடித்து, பத்தரைக்கு பரோட்டா வரவழைத்து, பன்னிரண்டுக்குப் படுப்பதுதானே நடக்கிறது? உங்கள் ஷிஃப்டில் ஏழரைக்கு ஓர் இடைவெளி கேட்டு வாங்கி அப்போதே சாப்பிட்டுவிடுங்கள். நெஞ்செரிச்சலும் அதிலேயே பாதி அடங்கும். காலை முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் நாற்பது நிமிடம் நடங்கள். திரை பார்க்கத் தேவையில்லாத அழைப்புகளை மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ நடந்துகொண்டே பேசுங்கள். படுக்கையில் மடிக்கணினி கூடாது. கடினமான வேலையை ஷிஃப்டின் முதல் இரண்டு மணி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை பலன் தரும்வரை உங்கள் மூளையால் நன்றாக ஓட முடிவது அந்த நேரத்தில்தான். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

அந்தத் துணிக்கடைக்காரர் மூன்று மாதம் கழித்து வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கனவு வருது டாக்டர். பல வருஷத்துக்கு அப்புறம் கனவு வருது" என்றார். அடுத்த நாற்காலியில் அவர் மனைவி, முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தார்.

மருத்துவரிடம் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். இரவில் என்ன நடக்கிறது என்பதை அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், மருத்துவரிடம் அவரே சொல்லட்டும். வண்டிச் சாவியும் அதுவரை அவரிடமே இருக்கட்டும்.