செந்தூலில் ஓட்ட ஒரு சிறிய பழைய கார்: ஆக்சியாவா, மைவியா, அண்ணன் சொன்ன வண்டியா?

கேள்வி: செந்தூலில் அம்மாவோடும் ஏழு வயது மகளோடும் வாடகை வீட்டில் இருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தங்கள் போக மாதம் 3,300 வெள்ளி கைக்கு வருகிறது. சேமிப்பு 25,000 வெள்ளி. அம்மாவை அடிக்கடி கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மகளைப் பள்ளியில் விடவும் முதன்முறையாக ஒரு கார் வாங்க நினைக்கிறேன். பக்கத்துத் தாமானில் ஒருவர் 86,000 கிலோமீட்டர் ஓடிய 2016ஆம் ஆண்டு ஆட்டோ கியர் பெரோடுவா ஆக்சியாவை 17,500 வெள்ளிக்குத் தருகிறார். ஒரு விற்பனையாளர் 2018 மைவியை 34,000 வெள்ளிக்கு, பத்து விழுக்காடு முன்பணம், 4.5 விழுக்காடு நிலை வட்டி, ஏழாண்டுத் தவணை என்ற கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அண்ணனோ 16,000 வெள்ளிக்கு வரும் பன்னிரண்டு வயது ஐரோப்பியக் காரைக் காட்டி, இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி வேறெங்கும் கிடைக்காது என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: அன்புச் சகோதரி, ஆக்சியாவைப் போய்ப் பாருங்கள். ஆனால் அந்த வண்டிக்கென நீங்கள் ஒதுக்கும் தொகை 17,500 அல்ல. பெயர் மாற்றம், காப்புறுதி, முதல் மாதத்திலேயே வந்து நிற்கும் பழுதுச் செலவு ஆகிய எல்லாம் சேர்ந்து 20,000 வெள்ளிக்குள் முடிய வேண்டும். மீதி 5,000 வெள்ளி உங்கள் குடும்பத்தின் அவசரப் பணம். வயதான தாயும் சிறு பிள்ளையும் உள்ள ஒற்றை வருமானக் குடும்பத்துக்கு அதுவே குறைவு என்பேன்.

அண்ணன் காட்டும் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியின் விலை இறங்கியிருக்கிறதே தவிர, அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்கவில்லை. புதிதாக வந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற காரின் கியர்பாக்ஸ், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்த விலைக்காரின் கியர்பாக்ஸ்தான். நானும் என் முப்பதாவது வயதில் இப்படியொரு வண்டியை ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு ஆண்டுகளில் வாங்கிய விலையில் பாதியைப் பட்டறைக்குக் கொடுத்தவன் என்பதால், இதில் எனக்குக் கொஞ்சம் கசப்பும் உண்டு என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைவி நல்ல கார்தான். சிக்கல் கடனில் இருக்கிறது. முன்பணம் 3,400 போக 30,600 வெள்ளிக் கடனுக்கு ஆண்டுக்கு 4.5 விழுக்காடு என்றால், ஏழாண்டு வட்டி 9,639 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 479 வெள்ளி. நிலை வட்டியில், நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி ஆண்டு வரை வட்டி போடப்படுகிறது. ஆகவே, குறைந்து வரும் அசலை வைத்துக் கணக்கிட்டால் அந்த 4.5 உண்மையில் 8 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். 34,000 வெள்ளிக் காருக்கு மொத்தம் 43,639 வெள்ளி கொடுத்து முடிக்கும்போது வண்டிக்குப் பதினான்கு வயதுக்கு மேல் ஆகியிருக்கும். சாலை வரியில் ஆக்சியாவுக்கு 20 வெள்ளி, 1.3 லிட்டர் மைவிக்கு 70 வெள்ளி என்ற வேறுபாட்டைப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். ஆண்டுக்கு 50 வெள்ளிக்காக எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

2014இல் வந்த முதல் தலைமுறை ஆக்சியாவை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதன் எளிமை. 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். பழைய பாணி நான்கு வேக ஆட்டோ கியர். எந்தத் தாமானிலும் பாகம் கிடைக்கும், எந்தப் பட்டறைக்காரருக்கும் கை பழகியிருக்கும். புரோட்டோன் சாகாவில் உள்ளே இடம் கூடுதல். ஆனால் அதற்கு டைமிங் பெல்ட் உண்டு என்பதால், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேட்க வேண்டும்; ஆட்டோ கியர் என்றால், வழக்கமான நான்கு வேகக் கியர்பாக்ஸுக்கு மாறிய 2019 மாதிரியிலிருந்து பார்ப்பதே என் விருப்பம். 2023இல் 22,000 வெள்ளிக்கு அறிவிக்கப்பட்ட புதிய ஆக்சியா இ உங்கள் நினைவுக்கு வரலாம். அது மேனுவல் கியர் மட்டுமே. உங்கள் உரிமம் ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டுமான டிஏ வகை என்றால் அதை ஓட்டவே முடியாது. காப்புறுதியும் சேர்ந்தால் சேமிப்பில் அனேகமாக ஒன்றும் மிஞ்சாது.

இனி வண்டியைப் பார்க்கும் வேலை. 86,000 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். நகரத்துக்குள் மட்டும் ஓடிய கார் நெரிசலில் நின்றபடியே எஞ்சினை ஓட்டியிருக்கும். கிலோமீட்டர் குறைவாகவும் தேய்மானம் அதிகமாகவும் இருக்கலாம். எனவே சர்வீஸ் புத்தகத்தில் எண்ணெய் மாற்றிய தேதிகளுக்கு இடையே எத்தனை மாத இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே எழுதிய கிலோமீட்டர் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே முடுக்குங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். மூன்று சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது சற்று அதிரும், அது இயல்பு. ஸ்டீயரிங்கும் இருக்கையும் சேர்ந்து ஆடினால் எஞ்சின் மவுண்டிங் போயிருக்கலாம். பிரேக்கை மிதித்தபடி டி, ஆர் என்று மாற்றும்போது கியர் தாமதிக்காமலும் இடிக்காமலும் விழ வேண்டும். பிறகு ஏர்கோனை முழுதாக வைத்து, ஜாலான் ஈப்போ நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். காலியான நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பதால் உங்களுக்குப் பயனில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை கார்கள் நீரில் கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை காட்டிக் கொடுக்கும். உபரி டயர் இருக்கும் குழியையும் இருக்கைகளுக்கு அடியில் உள்ள திருகுகளின் துருவையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால் அது 2019இன் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பழைய டயரும் பழைய பேட்டரியும் விலையைக் குறைக்கக் கேட்பதற்கு நியாயமான காரணங்கள்; 16,500க்கு இறங்கி வந்தால் முடித்துவிடலாம். அதற்கு முன், விற்பவருக்குத் தெரியாத ஒரு பட்டறையில் காசு கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாக எஞ்சின் எண், சேசி எண் ஆகியவற்றைச் சரிபார்ப்பதற்கானது. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது.

வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டில் வங்கியின் உரிமைக் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். ரசீதில் எந்தச் சூழலில் அது திருப்பித் தரப்படும் என்பதையும் எழுதி வாங்குங்கள். காப்புறுதியில் பழைய உரிமையாளரின் என்சிடி கழிவு, அதாவது இழப்பீடு கோராமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது. அது வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. முதல் ஆண்டு முழுப் பிரீமியம் கட்டுவீர்கள். கோரிக்கை எதுவும் இல்லாமல் ஓட்டினால் அடுத்த ஆண்டு 25 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாக 55 விழுக்காடு வரை கழிவு ஏறும். முழுமையான காப்புறுதி என்ற பெயரைக் கண்டு வெள்ளமும் அதில் அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். இந்தக் காரில் வேலைக்குப் போகாதீர்கள். செந்தூல் எல்ஆர்டி நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான தித்திவங்சாவில் இறங்கி மோனோரெயில் ஏறினால் துன் சம்பந்தன் நிலையம் வரை போகலாம். மாதம் முழுதும் இவற்றில் பயணிக்க உதவும் மை50 அட்டைக்கு மாதம் 50 வெள்ளிதான். பிரிக்பீல்ட்ஸில் நாள் முழுவதும் நிறுத்தும் கட்டணமும் பெட்ரோலும் மிஞ்சும். மைவிக்குக் கட்டியிருக்கக்கூடிய 479 வெள்ளியில் 300 வெள்ளியையாவது மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வந்தால், அந்த 5,000 வெள்ளி ஓராண்டில் 8,600 ஆகிவிடும்.