மேலிருந்து அடித்தால் படைப்புழு தொலையுமா?

கேள்வி: ஐயா, நாலு பரப்பில் சோளம் போட்டிருக்கிறேன். குருத்தெல்லாம் சேனா படைப்புழு. ட்ரோனில் மருந்தடிக்கலாம் என்கிறார்கள். நியூசிலாந்தின் ஓக்லாந்தில் ஓர் அந்துப்பூச்சியை விமானத்தால் மருந்தடித்தே இல்லாமல் செய்தார்கள் என்று அங்கிருக்கும் என் மருமகன் சொல்கிறார். இங்கும் முடியுமா? பலன் கிடைத்ததென்று எப்படி அறிவது?
- வாசகர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: மருமகன் சொன்னது சரி, தம்பி. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்த அந்து 1999இல் ஓக்லாந்தின் மேற்குப் பகுதியில் பிடிபட்டது. 2002 ஜனவரியிலிருந்து 2004 மே வரை வீட்டுக் கூரைகளுக்கு மேலாகவே மருந்தடித்தார்கள். அது பீ.ரி. என்ற பாக்டீரியா மருந்து. புழு இலையோடு சேர்த்துத் தின்றால்தான் வேலை செய்யும். வெயில் பட்டால் சில நாளில் வலு போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. கீழே இருந்த சனங்கள் மூச்சுத்திணறல், தோல் கடி என்று முறையிட்டதையும் மறக்கக் கூடாது.

அழிந்ததென்று அவர்கள் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. உயிருள்ள பெண் அந்துகளைச் சிறு கூட்டில் வைத்து, வாசனைக்கு வரும் ஆண்களைப் பொறியில் பிடித்து எண்ணினார்கள். 2005இல் ஒரேயோர் ஆண் அந்து விழுந்தது. அதன் உடலிலுள்ள ஐதரசன், காபன் ஐசோடோப்புகளை (ஒரே மூலகத்தின் எடை வேறான அணுக்கள்; அவற்றின் விகிதம் பூச்சி வளர்ந்த இடத்துக்கேற்ப மாறும்) ஆராய்ந்து, அது அங்கே வளர்ந்ததல்ல, வெளியிலிருந்து வந்தது என்று கண்டார்கள். 2006இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஒரு பூச்சிக்காக அவ்வளவு பொறுமை!

நம்முடைய படைப்புழுவை அப்படி ஒழிக்க முடியாது. ஓக்லாந்து அந்தின் பெண்ணுக்குப் பறக்கவே தெரியாது. படைப்புழுவின் அந்தோ ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை போகக்கூடியது. 2018இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் நாலு பரப்பைச் சுத்தம் செய்தாலும் அடுத்த தோட்டத்திலிருந்து வரும். கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான்.

ஆனால் அடித்த மருந்து வேலை செய்ததா என்பதை நீங்களே சோதிக்கலாம். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருசம் உரும்பிராயில் தெரிந்தவர் ஒருவருடைய சோளத்துக்கு ட்ரோன் வந்தபோது, ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் தாள்களை இலைகளில் குத்தி வைத்தேன். பனி காய்ந்த பிறகுதான் வைத்தேன். அப்படியும் விரல் வியர்வை பட்டு ஒரு தாளில் என் கைரேகையே நீலமாகப் பதிந்துவிட்டது. ட்ரோன் போனபின் பார்த்தால், மேல் இலைத் தாள்களில் கடுகு தூவியதுபோல நீலப் புள்ளிகள். இலையின் அடிப்பக்கத் தாள் அப்படியே மஞ்சள். குருத்தை விரித்தேன், ஈரமான மரத்தூள் போன்ற எச்சத்தை மூடிபோல அடைத்துக்கொண்டு பெரிய புழு உள்ளே சுகமாக இருந்தது. மருந்து அதைத் தொடவே இல்லை. முட்டை பொரித்த சில நாளில், குஞ்சுப் புழு சுரண்டிய இடங்கள் இலையில் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள்போலத் தெரியும்போதே அடித்திருக்க வேண்டும்.

ஒரு கிழமை கழித்துப் புழு குறைந்திருந்தது. எல்லோரும் மருந்தைப் புகழ்ந்தார்கள். நான் அடிக்காமல் விடச் சொன்ன இரண்டு வரிசையிலும் கிட்டத்தட்ட அதேயளவு குறைந்திருந்தது! முற்றிய புழுக்கள் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கிவிட்டன. அந்த இரண்டு வரிசை இல்லாவிட்டால் நானும் ஏமாந்திருப்பேன்.

ஆகவே ட்ரோன் வரும் முன் இரண்டு வரிசையை ஒதுக்குங்கள். மருந்து காற்றில் போகாத பக்கமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் இருபது இருபது செடியில் உயிருள்ள புழுவை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். அடித்து மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே செடிகளை எண்ணுங்கள். அடித்த பக்கம் மட்டும் தெளிவாகக் குறைந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது.

அப்புறம் கிணறு. நம்முடைய சுண்ணக்கல் நிலத்தில் மேலே விழுவது கீழே போக அதிக காலம் எடுக்காது. அடிக்கும் அன்று கிணற்றை மூடி வையுங்கள். அயல் வீட்டுக்காரருக்கு முதல் நாளே சொல்லுங்கள், பிள்ளைகளை உள்ளே வைத்திருக்க.