பித்தப்பையில கல்லு இருந்தா எண்ணெய், கொழுப்பு எல்லாத்தையும் சுத்தமா நிறுத்திடணுமா?

குறைங்க, ஆனா ஜீரோ ஆக்காதீங்க. எனக்கு கல்லு வந்ததுல அந்த ஜீரோவுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு நினைக்கிறேன்.

வெயிட் குறைக்கற வெறியில ரெண்டே மாசத்துல 14 கிலோ இறக்கினேன், ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, முட்டையில மஞ்சக்கருவைக் கூட ஒதுக்கிடுவேன். அப்புறம் ஒருநாள் ஒரு விருந்துல பொரிச்ச ஐட்டமா வெளுத்துக் கட்டிட்டு வந்து படுத்தா, ராத்திரி ஒரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழ புடிச்சுது பாருங்க, அப்படியே முதுகைச் சுத்தி வலது தோள்பட்டை வரைக்கும் போகுது, கேஸ்னு நெனச்சு மாத்திரையைப் போட்டுட்டு மூணு மணி நேரம் தரையில உருண்டேன்.

மறுநாள் வெறும் வயித்துல ஸ்கேன். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கன்னாங்க, திரும்பினதும் ஸ்க்ரீன்ல ரெண்டு வெள்ளைப் புள்ளி மெதுவா உருண்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி கருப்பா ஒரு நிழல். உருளுது, அப்ப கல்லுதான்னு சொல்லிட்டாங்க.

விஷயம் என்னன்னா, பித்தநீரைச் செய்யறது கல்லீரல், பித்தப்பை வெறும் டேங்க், 30லேர்ந்து 50 மில்லி புடிக்கும். கொழுப்பு குடலுக்கு வந்தாத்தான் கோலிசிஸ்டோகைனின்னு ஒரு ஹார்மோன் நல்லா சுரந்து அந்தப் பையைப் பிழியும். கொழுப்பே வரலைன்னா பை சரியா காலியாகாது, பித்தநீர் தேங்கி கெட்டியாயிடும். போதாததுக்கு வெயிட் வேகமா எறங்கறப்போ கல்லீரல் கொலஸ்ட்ராலை பித்தத்துல அதிகமா தள்ளும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல போனா ரிஸ்க் ஏறும்னு டாக்டர் அப்பதான் சொன்னார், முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனா கல்லு ஏற்கனவே இருக்கறப்போ ஒரே வேளையில நிறைய கொழுப்பு போனா பை இறுக்கிப் பிழிஞ்சு கல்லு அந்தப் பையோட வாயில போய் அடைச்சுக்கும், அதான் என் விருந்துக் கதை. அதனால வேளைக்கு ரெண்டு டீஸ்பூன் எண்ணெய், சுமார் 10 கிராம்னு பிரிச்சுக்கிட்டேன், டீப் ஃப்ரை கட். இதனால கல்லு கரையாது, வலி வர்றது குறையலாம், அவ்ளோதான்.

ஆலிவ் ஆயிலும் எலுமிச்சை சாறும் குடிச்சா கல்லு வெளிய வந்துடும்னு வீடியோ பார்த்திருப்பீங்க. அதுல வர்ற பச்சை உருண்டை பெரும்பாலும் அந்த எண்ணெயே குடல்ல சோப்பு மாதிரி திரண்டது, உங்க கல்லு அங்கேயேதான் இருக்கும்.

வலியே இல்லாத கல்லை பொதுவா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. வலியோட காய்ச்சல், கண்ணு மஞ்சளாகறது, விடாத வாந்தி இதுல ஏதாவது வந்தா மட்டும் டயட்டெல்லாம் யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.