பையன் எடிட்டிங்கிலேயே கிடக்கிறானா, ஆச்சி?

ஆச்சி, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் மகன் எந்நேரமும் கல்யாண வீடியோ எடிட்டிங்கிலேயே கிடக்கிறான், உருப்படுவானா என்று கேட்டிருந்தீர்கள். "இருபது ஜிபி வீடியோதான் வைத்தேன், மீதி இடத்தை எது தின்றது?" என்று அவன் புலம்பியதையும் எழுதியிருந்தீர்கள். எனக்கு நம்பிக்கை தருவது அந்தப் புலம்பல்தான்.

தின்றது பெரும்பாலும் கேஷ் கோப்புகள், அதாவது எடிட்டிங் மென்பொருள் தன் வசதிக்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள். வீடியோ சுருக்கப்பட்டுக் கிடக்கும் சரக்கு. விரித்தால் ஒரு ஃபுல் எச்டி ஃபிரேம் (வீடியோவில் ஓடும் ஒரு தனிப் படம்), 1920-க்கு 1080 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 8 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 250 எம்பி. கம்ப்யூட்டர் வேலை நடக்கும்போது கைக்கெட்ட வைத்துக்கொள்ளும் நினைவகம்தான் ராம்; 8 ஜிபி ராம் அரை நிமிட வீடியோவுக்கே நிறைந்துவிடும். அதனால்தான் எடிட்டிங் மென்பொருள் ஒருமுறை விரித்ததை டிஸ்கில் போட்டு வைக்கிறது. தினமும் புழங்கும் பாத்திரம் அடுப்படியில், கல்யாணச் சாமான் இரண்டாங்கட்டு அறையில் என்று நீங்கள் வைப்பதில்லையா, அப்படி. கேஷை அழித்தாலும் மென்பொருள் திரும்ப உருவாக்கிக்கொள்ளும்; ஒரிஜினல் வீடியோவில் மட்டும் கை வைக்கக் கூடாது.

எதை ராமில் வைப்பது, எதை எப்போது வெளியேற்றுவது என்று நிரல் எழுதுவதே ஒரு வேலை. வீடியோ ஆப், கேம், ஓடிடி பிளேயர் எல்லாவற்றிலும் இதற்கு ஆள் தேவை. எடிட்டிங் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எடிட்டிங் மென்பொருளை எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆகவே, மென்பொருளின் பட்டன்களை மட்டும் பழக்கிவிடும் 'மல்டிமீடியா டிப்ளமோ'வுக்கு லட்சம் லட்சமாகக் கொட்டாதீர்கள். கணினி அறிவியல் படிக்கட்டும். பொறியியல் கவுன்சலிங்கில் தோதான இடம் அமையாவிட்டால் பி.எஸ்சி. அல்லது பி.சி.ஏ. போதும், அப்புறம் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. இருக்கிறது. சி++, ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டா ஸ்ட்ரக்சர் மூன்றும் முக்கியம். ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் இணையதளமான என்பிடெலில் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

பரீட்சை முடிந்ததும் ஒரு வேலை கொடுங்கள். ஐந்நூறு போட்டோவைச் சின்னச் சின்னதாகக் காட்டும் நிரல் எழுதட்டும். 3 எம்பி போட்டோ, 12 மெகாபிக்சல் என்றால், திறந்ததும் 48 எம்பி ஆகும். எல்லாவற்றையும் முழுசாகத் திறந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். சின்ன அளவில் திறந்து, வெகுநேரம் பார்க்காததை வெளியேற்ற வேண்டும். மேலும் கீழும் உருட்டும்போது டாஸ்க் மேனேஜரில் (எந்த நிரல் எவ்வளவு ராம் எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவி) மெமரி ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அதாவது வேண்டாததை நிரல் வெளியேற்றாமல் விடுகிறது. அதை அவனே தேடிப் பிடித்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள் ஆச்சி, உட்கார்ந்து கல்லூரிப் பட்டியல் போடலாம்.