மாமியாருக்கு மட்டும் தண்ணீர் ஷாம்பா?

கேள்வி: தள்ளுபடிக் கடையில் ஒரு லிட்டர் ஷாம்பு வாங்குகிறேன். என் முடி வறண்டு சிக்காகிறது. தரமானதை எப்படிப் பார்த்து எடுப்பது? நான் எதையும் வீணாக்க மாட்டேன். பாட்டில் தீரும்போது தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மாமியாருக்கு வைத்துவிடுவேன். அவர் வாரம் ஒருமுறைதான் தலைக்குக் குளிப்பார். தலை அரிக்கிறது என்பார், வயசானால் அப்படித்தானே?

பதில்: உங்கள் முடி கொஞ்சம் காத்திருக்கட்டும். அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை இன்றே கொட்டுங்கள்.

ஷாம்பு கெடாமலிருக்க அதில் ஒரு மருந்தை அளந்து கலந்திருப்பார்கள். சரிபாதி தண்ணீர் ஊற்றினால் அதன் வீரியமும் பாதியாகும். தண்ணீரோடு போகும் கிருமி, குளியலறையில் வாரக்கணக்கில் நிற்கும் பாட்டிலுக்குள் பெருகும். வயதானவர் தோல் மெல்லியது. சொறிந்த இடத்தில் பட்டால் புண்ணாகலாம். நுரை போதாமல் நகம் போட்டுத் தேய்த்தால் அரிப்பு இன்னும் கூடும். நீங்களோ பழியை வயசின் மேல் போட்டுவிட்டீர்கள்! வீட்டில் மூத்தவருக்குக் கழுவிய மிச்சத்தைக் கொடுப்பதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்ற தாய்க்கு இப்படிக் கொடுப்பீர்களா?

ஒரு தடவைக்கு 10 மில்லி என்றால் அவருக்கு வருஷத்துக்கு 520 மில்லிதான் ஆகும். தனியாக ஒரு 250 மில்லி பாட்டில் வாங்கினால் ஏறக்குறைய ஆறு மாதம் வரும். நீர்க்கச் செய்துதான் ஆக வேண்டுமென்றால் குளிக்கும்போது குவளையில் கலந்து, மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

இனி கடைக்கு வருவோம். பாட்டிலைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ளது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அழுக்கு நீக்கும் நுரைப்பொருள். அது சோடியம் லாரில் சல்பேட் என்றிருந்தால் வறண்ட முடிக்கு வேண்டாம். சோடியம் லாரெத் சல்பேட்டும் அதன் கீழே கோகமிடோப்ரோபைல் பீடைனும் இருந்தால் எடுக்கலாம். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் இன்னும் மென்மை. பெயர்கள் ஒன்றுபோலத் தெரியும், எழுத்துக்கூட்டிப் பாருங்கள். முகப்பில் பெரிதாகப் போட்ட மூலிகை, பட்டியலில் வாசனைப்பொருளுக்கும் கீழே கிடந்தால் அது பேருக்குத்தான். கெட்டியைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பல ஷாம்புகளில் அது சாதாரண உப்பின் வேலை.

பழைய டிசைன், நெருங்கும் தேதி என்று தள்ளுபடி தந்தால் தப்பில்லை. பேட்ச் எண் சுரண்டியிருந்தாலோ, தேதி மேல் ஸ்டிக்கர் இருந்தாலோ, சீல் கிழிந்திருந்தாலோ தொடாதீர்கள். திறந்த டப்பா படத்தில் 12 என்றிருந்தால், திறந்தபின் 12 மாதம்தான்.

ஷாம்பு மாற்றி இரண்டு வாரத்தில் மாமியாரின் அரிப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். புண் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். பழைய பாட்டிலின் சேர்மானப் பட்டியலையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்; ஒவ்வாமையா என்று பார்க்க மருத்துவருக்கு உதவும்.