எண் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு வரி வேண்டும்

"ஒரு தெரபி அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆப் வைத்து மனநிலையைக் குறித்து வந்தால் பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நான் முதலில் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெரபி. போய் உட்கார்ந்ததும் "எப்படி இருந்தீங்க?" என்பார் தெரபிஸ்ட். "பரவாயில்லை" என்பேன், இல்லையென்றால் "ரொம்ப மோசம்" என்பேன். உண்மையில் அது முந்தின நாளைப் பற்றிய பதில். மிச்ச நாளெல்லாம் மறந்தே போயிருக்கும். அதிலும் மனம் சோர்ந்திருந்தால், இடையில் வந்துபோன நல்ல நாள் ஒன்றுகூட நினைவுக்கு வராது.

சரி என்று ஓர் ஆப் போட்டேன். நாளுக்கு ஆறு முறை நினைவூட்டல். ஏதோ வேலையில் மூழ்கியிருப்பேன், 'டிங்' என்று "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்கும். அதுவரை நன்றாகத்தான் இருந்திருப்பேன். கேட்டதும் உள்ளே தோண்ட ஆரம்பித்துவிடுவேன். போதாததற்கு, விடாமல் 23 நாள் குறித்திருக்கிறீர்கள் என்று ஒரு பாராட்டு வேறு. 24-ஆம் நாள் விட்டுப்போனது. மனநிலையைக் குறிக்க மறந்ததற்காகவே அன்று மனநிலை கெட்டது. (இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.)

இதைச் சொன்னதும் தெரபிஸ்ட் எல்லாவற்றையும் குறைத்துவிட்டார். இரவு பல் தேய்த்த பிறகு ஒரே ஒரு முறை. 0 முதல் 10 வரை ஓர் எண், கூடவே ஒரு வரி. அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. வெறும் "3" என்றால் இரண்டு வாரம் கழித்து எனக்கே ஒன்றும் புரியாது. ஒரு நாள் இப்படி எழுதியிருந்தேன்: "3. மேனேஜர் 'பேசணும்' என்று மட்டும் மெசேஜ் போட்டார். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் லீவு பற்றித்தான் கேட்டார்." இதை வைத்தே ஒரு அமர்வு முழுக்கப் பேசினோம். எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தரும் சிபிடி என்ற தெரபி முறையில், என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தோம் என்று 'எண்ணப் பதிவு' எழுதச் சொல்வார்கள். கிட்டத்தட்ட அதன் சுருக்கம் இது.

அப்புறம் பிஎச்கியூ-9. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பதால் தினமும் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. 14 என்பது 12 ஆனால் கொண்டாடவும் வேண்டாம், 16 ஆனால் பதறவும் வேண்டாம். ஐந்து புள்ளியாவது நகர்ந்தால்தான் மாற்றம் என்று பொதுவாகக் கணக்கு. ஒன்பதாவது கேள்வி மட்டும் தனி. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று கேட்கும். அதற்கு 0 தவிர எது உங்கள் பதிலானாலும் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள். அன்றே தெரபிஸ்டையோ டாக்டரையோ உதவி எண்ணையோ கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஆப்பில் தட்டியதை அந்தப் பக்கம் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.

ஸ்மார்ட் வாட்சில் எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது சொல்வது அசைவையும் இதயத் துடிப்பையும் வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு.

ஆப்பையும் கடைசியில் நீக்கிவிட்டேன். நான் எழுதுவதை யாரோடெல்லாம் பகிரும் என்று அதன் விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. இப்போது போனிலேயே பூட்டு போட்ட ஒரு நோட்ஸ் பக்கம்தான். அமர்வுக்கு முந்தின இரவு எல்லா வரிகளையும் ஒருமுறை படித்து, பேச வேண்டிய இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு போகிறேன்.

விட்டுப்போன நாட்களை உட்கார்ந்து நிரப்புவதில்லை. போன தடவை தெரபிஸ்ட் முதலில் கேட்டதே நடுவில் காலியாகக் கிடந்த மூன்று நாளைப் பற்றித்தான்.