இரண்டு சம்பளத்தையும் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள்

கேள்வி: எனக்கு 68 வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டோங்காட்டில் இருக்கிறேன். மகன் டர்பனில் இன்ஜினியர், மருமகள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். சில வருடங்களாகச் சனி, ஞாயிறுகளில் நம் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சரி, நல்ல காரியம்தானே என்று இருந்தேன். இப்போது இருவரும் வேலையை விட்டுவிட்டு, டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து இதையே முழுநேரமாகச் செய்யப் போகிறார்களாம். ஆறு வயதுப் பேத்தியும் கூடவே போகிறாள். என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் மாடாய் உழைத்ததே எங்களைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரத்தான். இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லையா? வாயைத் திறந்தாலே சண்டை. என்ன சொல்லட்டும்?

பதில்: அம்மா, வெள்ளைக்காரர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் வயதில் இருப்பவர்கள் பாதி ஆயுளைத் தடைப் பலகைகளுக்கு நடுவில் கழித்தவர்கள். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த சட்டம் 1953-இல் வந்து 1990-இல்தான் ஒழிந்தது. எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம், எந்தப் பூங்காவில் உட்காரலாம் என்பதைக்கூட அடுத்தவன் தீர்மானித்த காலம் அது. மலையேற்றம் நமக்கு அந்நியமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். உங்கள் மகனும் மருமகளும் நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது, மறைப்பானேன்.

இந்த வேலை ஆரம்பித்த கதையிலும் வெள்ளைக்காரர் பாதிதான். இளையவர்களைக் காட்டுக்குள் நடத்திப்போய்ப் பாடம் சொல்லும் பள்ளியை 1957-இல் தொடங்கிய இயன் பிளேயர் வெள்ளைக்காரர். அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவரோ மகுபு ந்தொம்பெலா என்ற ஜூலு வனக்காவலர். அவரைத் தன் ஆசான் என்றே பிளேயர் கடைசிவரை சொல்லிவந்தார். அவர்கள் நடந்த இம்ஃபொலோசி காட்டை 1895-இல் காப்பிடமாக அறிவித்தபோது, தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் அந்த வட்டாரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இன்று எங்கே அந்த இனத்தைப் பார்த்தாலும் அது அந்தக் கொஞ்சத்தின் வாரிசு.

பிள்ளைகள் அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இம்ஃபொலோசி நடைப்பயணத்தில் கூடாரம் கிடையாது, வெட்டவெளியில் படுக்கை. ராத்திரி ஆளுக்கொரு முறை காவல். மற்றவர்கள் தூங்க, முறை வந்தவர் சின்ன நெருப்புக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது எழுந்து டார்ச்சைச் சுற்றிலும் காட்டி மிருகங்களின் கண்கள் மின்னுகின்றனவா என்று பார்ப்பார். சுள்ளி ஒன்றிரண்டு போடுவார், கெட்டிலில் டீ வைத்துக்கொள்வார். நேரம் முடிந்ததும் அடுத்தவரைத் தட்டி எழுப்பிவிட்டுப் படுப்பார். ஏதாவது நெருங்கினால் வழிகாட்டியை எழுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் பொறுப்பு. ஃபிளாட்டில் டிவி சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்த பதினைந்து வயதுப் பையனிடம் இத்தனை பேரின் தூக்கத்தை யாராவது இதற்கு முன் ஒப்படைத்திருப்பார்களா? எந்த டியூஷனில் இது கிடைக்கும்?

மீதி வேலை இத்தனை அழகாக இருக்காது. உண்ணிச்செடியையும் வாட்டில் மரத்தையும் வேரோடு பிடுங்குவது, வெட்டுவது. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்து பரவியவை. வாட்டில் ஓடைத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். இதற்காகவே அரசாங்கம் 1995-இல் ஒரு திட்டம் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. அப்புறம், புல் காய்ந்து ஆகஸ்ட் காற்று வருவதற்குள் காட்டுத்தீ பரவாமல் இருக்க ஒரு பட்டை அகலத்துக்குப் புல்லை முன்கூட்டியே எரித்துவைக்க வேண்டும். மழையில் அரித்த பாதைக்குக் கல் அடுக்க வேண்டும். பாறை ஓவியங்கள் இருக்கும் குகைகளில் பிள்ளைகளின் கை சுவரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அந்த ஓவியங்களில் தண்ணீர் ஊற்றிப் போட்டோ எடுத்துப் பாழாக்கிய காலமெல்லாம் உண்டு. கரும்பு வெட்டிய உங்கள் தாத்தா இந்த வேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்லியிருக்க மாட்டார்.

இதனால் நீங்கள் பயப்படுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பயத்தைக் கேள்வியாக மாற்றிக் கேளுங்கள், சண்டை தானாகக் குறையும். “இதெல்லாம் நமக்கு எதற்கு” என்றால் அவர்கள் முறுக்கிக்கொள்வார்கள். “கோடையில் மதியத்துக்குமேல் இடி மின்னல் வருமே, பிள்ளைகளை எத்தனை மணிக்குள் மேட்டிலிருந்து இறக்குவீர்கள்?” என்று கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். முதலுதவிச் சான்றிதழ் இருவருக்கும் இருக்கிறதா, எப்போது புதுப்பித்தது? ஃபோன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளைக்குக் கால் முறிந்தால் யாருக்கு, எதன் மூலம் தகவல் போகும்? ஏதாவது ஆகிப் பெற்றோர் வழக்குப் போட்டால் இன்ஷூரன்ஸ் உண்டா? குளிர்காலத்தில், ஜூலையில் மேலே பனி கொட்டினால் மாற்று ஏற்பாடு என்ன? உடனுக்குடன் பதில் வந்தால், அவர்கள் விளையாட்டுக்கு இறங்கவில்லை என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள். மழுப்பினால் விடாதீர்கள்.

பணத்தில் மட்டும் நான் முழுக்க உங்கள் பக்கம். கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே தொழிலில் குதிப்பது சரியில்லை. பள்ளிச் சுற்றுலாவை நம்பிய தொழில் எப்படி ஒரே நாளில் நிற்கும் என்பதை 2020 மார்ச்சில் எல்லோரும் பார்த்தோம். மருமகளின் டீச்சர் வேலை முதல் இரண்டு வருடமாவது இருக்கட்டும். அதனோடு வரும் மெடிக்கல் எய்டும், அதாவது மருத்துவக் காப்பீடும் இருக்கட்டும். ஆறு வயதுக் குழந்தை இருக்கும் வீடு அது. அடிவாரத்து ஊர்களிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அங்கேயே மாற்றல் கிடைக்குமா என்று பார்க்கலாம். ஜூன், ஜூலை விடுமுறையில் வானம் வெளுத்திருக்கும், நடக்க நல்ல காலம். அந்த முகாம்களுக்கு மருமகள் வரலாம். பெண் பிள்ளைகள் வரும் குழுவில் ஒரு பெண் கட்டாயம் வேண்டும் என்பதால் மற்ற நாட்களுக்கு வேறொருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். குத்தகைப் பத்திரத்தை ஒரு வக்கீல் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். வீட்டை விற்கும் பேச்சு வந்தால் அதற்கு மட்டும் பிடிவாதமாக நில்லுங்கள். வாடகைக்கு விடலாமே.

பேத்தி விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அம்மா டீச்சர், படிப்பு கெட விடமாட்டார். உங்கள் மனதில் இருப்பது படிப்பு மட்டும்தானா? அவள் மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பால் போய்விடுகிறாள் என்பதும் இருக்கும். அதை அப்படியே மகனிடம் சொல்லிவிடுங்கள், வேறு காரணம் தேடாதீர்கள். விடுமுறையில் பாதி டோங்காட்டில் என்று பேசி முடிவு பண்ணுங்கள். வீட்டில் தமிழ் பேச உங்களைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்ற ஒரு வாதமும் உங்கள் கையில் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்குமுன் ஒரு ராத்திரி அந்தப் பண்ணையில் நீங்களும் போய்த் தங்குங்கள். மலையேற வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எப்படி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் எவ்வளவு நேரம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்வெட்டர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், டோங்காட் குளிரை வைத்து அந்த ஊரைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.